மில்லின் வயிற்றில் தங்கிய அரிசி

தம்பிமாரே,

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பேச நின்றால் நாத் தடுமாறும் என்று எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் சோற்றை இத்தனை வருஷமும் நெல்லின் வழியாகவே அளந்து தந்த அல்லாஹ்வைப் புகழ்ந்து தொடங்குகிறேன்.

இஞ்சினை எப்படிக் கிளப்புவது, பெல்ட்டை எப்படி மாட்டுவது என்பதையெல்லாம் உங்கள் மேற்பார்வையாளர் சொல்லித் தருவார். அதில் நான் வாய் வைக்கப் போவதில்லை. எங்கள் மில் ஓடாமல் நின்றுபோக இருந்த கதையைச் சொல்கிறேன். அதை நிறுத்தப் பார்த்தவர்களும் நெல் கொண்டுவந்த பெண்கள்தான். ஓட வைத்தவர்களும் அவர்கள்தான்.

பெரிய யுத்தத்துக்கு முந்திய காலம் அது. நான் காத்தான்குடியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தேனே தவிர, வயலில் கால் வைத்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் செய்த பிழைக்கு இதுதான் வேர். கொழும்பில் ஓர் எண்ணெய் மில்லில் நாலு வருஷம் இஞ்சின் வேலை பழகி ஊருக்குத் திரும்பினேன். எங்கள் முதலாளி அப்போது வாவிக்கரையில் தேங்காய் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தார். அவரிடம் போய், நெல்லுக் குத்தும் இயந்திரம் ஒன்று எடுங்கள், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை முழுவதும் தோணி ஏறி உங்கள் துறைக்கு வரும் என்று சொன்னவன் நான்தான். என் வார்த்தையை நம்பி அந்த மனிதர் செக்கை விற்று இஞ்சின் எடுத்தார். எனக்கு அப்போது முப்பது வயது. இரண்டு பிள்ளைகள்.

முதல் வருஷம் வேடிக்கை பார்க்கவே சனம் வந்தது. வாவியின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்று கொண்டுவந்து, நெல் ஒரு பக்கம் போய் மறுபக்கம் அரிசியாக வருவதைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் வருஷம் தோணிகள் குறைந்தன. வந்ததும் வயல் கூலியாட்களுக்குச் சோறாக்கும் நெல்தான். வீட்டுக்காரர் தாங்கள் உண்ணும் நெல்லை யாரும் கொண்டுவரவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, மிச்ச நேரம் இஞ்சினைத் துடைத்துக்கொண்டு இருந்தோம்.

முதலாளி குத்துக் கூலியைக் குறைத்துப் பார்த்தார். பலனில்லை. நான் என் புத்தியைக் காட்டினேன். கடையில் விற்கும் ரங்கூன் அரிசி வெள்ளை வெளேரென்று இருக்கிறதே, நம்முடையதையும் அப்படித் தீட்டிக் கொடுத்தால் ஆசைப்படுவார்கள் என்று நினைத்தேன். இயந்திரத்தின் கத்தியை நெருக்கிவிட்டேன். அரிசி மல்லிகை மொட்டுப் போல வந்தது. வந்துகொண்டிருந்த நாலு பேரில் இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கொழும்பில் பழகிய இன்னொன்றும் என்னிடம் இருந்தது: வாடிக்கையாளரிடமே கேட்பது. தொடக்கத்திலிருந்தே, அரிசியை மூட்டையில் கட்டும்போது ஒவ்வொரு பெண்ணிடமும், "குறை ஏதும் இரிக்கா?" என்று கேட்டேன். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நிறைவாத்தான் இரிக்கு." முதலாளி இதைக் கேட்டுக் கேட்டுப் பூரித்துப்போனார். பள்ளிவாசலில் காண்கிறவர்களிடமெல்லாம், ஒருத்தியாவது குறை சொல்லவில்லை என்று பெருமை பேசினார். நிறைவு என்று சொல்லிவிட்டுப் போனவள் மறுபடி வரவில்லை. அதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கண்ணூறு பட்டிருக்கும் என்று முதலாளி மில்லில் மௌலூது ஓதுவித்தார். நானும் மனமுருகி ஓதினேன்.

மூன்றாம் வருஷம் மாசி அறுவடை தொடங்கியபோது வடக்கேயிருந்து ஒரு மர வியாபாரி வந்தார். மரம் அரிய அவருக்கு இஞ்சின் தேவை. மாட்டை விலை பேச வந்தவர் போல இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து அங்கே தட்டினார், இங்கே தட்டினார். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், புதன்கிழமை வண்டிகள் வரும், இஞ்சினைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்று. அன்று வியாழன். எங்களில் ஆறு பேருக்கு அந்த மில்தான் அடுப்பு. மற்ற ஐந்து பேரும் என்னை நம்பி வந்தவர்கள். முதலாளியும் என்னை நம்பித்தான் செக்கை விற்றார். அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

மறுநாள் ஜும்ஆ தொழுதுவிட்டு, தோணி பிடித்து மறுகரைக்குப் போனேன். அங்கிருந்து வெல்லாவெளிப் பக்கமாகப் போன வண்டியில் ஏறினேன். முதல் வருஷம் கண்ணகை என்றொரு பெண் வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அரிசியை உள்ளங்கையில் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, நிறைவு என்று சொல்லிப் போனவள். அவளிடமே கேட்டுவிடுவது என்று போனேன்.

வழியில் அவர்களுடைய வயல் வட்டையில் மாடு விட்டுச் சூடு மிதித்து, கதிரிலிருந்து நெல்லைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணகையின் புருஷன் அங்கே முல்லைக்காரர், அதாவது அந்த வயல்களைப் பொறுப்பெடுத்துச் செய்விப்பவர். ஏறக்குறைய என் வயதையொத்த தம்பிமாரும் அவரோடு நின்றார்கள். சூடு மிதிக்கும் அந்தக் களவெட்டியின் நடுவில் நெல் பொலியாகக் குவிந்து கிடந்தது. நான் ஸலாம் சொல்ல வாயெடுத்து, வணக்கம் என்று மாற்றிக்கொண்டு, பேச்சுக்குப் பேச்சாகக் கேட்டேன், இந்த முறை விளைச்சல் குறைவோ என்று.

மாடு ஓட்டியவன் மாட்டை நிறுத்திவிட்டான். முல்லைக்காரர் குனிந்து, விளிம்பில் சிந்திக் கிடந்த நெல்லை அள்ளிக் குவியலில் தூவி, "பொலி, பொலி" என்று சொன்னார். பிறகு என் முழங்கையைப் பிடித்து வரம்புக்கு அப்பால் ஒரு மருத மரத்தடிக்குக் கொண்டுபோனார். கோபமில்லை, தீப்பெட்டியோடு வைக்கோலுக்குள் நுழைந்த பிள்ளையை வெளியே கொண்டுவருவது போல. எங்கள் முறைப்படி அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றே அழைத்தார்.

"காக்கா, பொலிக்கு முன்னால குறைச் சொல்லுச் சொல்லப்படா. களவெட்டியில நாங்க முடிஞ்சுது எண்டும் சொல்லமாட்டம், போதாது எண்டும் சொல்லமாட்டம். எல்லாம் நிறைவுதான். சொன்னா நெல்லு போயிரும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். நெசவுக்காரன் மகன், தெரியாது என்றேன். அவர் சிரித்தார். அப்போதுதான் என் மனதுக்குள் ஏதோ அசைந்தது.

"அப்ப மில்லுல?" என்று கேட்டேன்.

"மில்லுலயும் நெல்லுத்தானே கிடக்கு."

இரண்டு வருஷமாக நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, புது நெல்லின் முகத்துக்கு நேரே, குறை இருக்கா குறை இருக்கா என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் என் கேள்விக்கு அஞ்சித்தான் நிறைவு என்று சொல்லியிருக்கிறார்கள். என் மில்லைப் பற்றி அவர்கள் இதுவரை ஒன்றுமே சொல்லவில்லை.

"எங்கட பொண்டுகளிட்டக் குறை கேக்கிறண்டா, காக்கா, நெல்லில்லாத இடத்தில வெச்சுக் கேளுங்க. பிறகு காதைப் பொத்திக்கொள்ள ரெண்டு கை காணாது" என்றார் முல்லைக்காரர்.

வீட்டில் கண்ணகை உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் உலக்கையைச் சாத்திவிட்டு, கிணற்றடிக்கு வரச் சொன்னாள். அங்கே ஒரு மணி நெல்கூட இல்லை என்று சுற்றிப் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் பேசியதை இங்கே முழுவதும் எழுத முடியாது. கூலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தவிடும் குறுணலும் குழாய் வழியாகப் பறந்து வாவிக்குப் போகிறதாம். கோழிக்கு எதைப் போடுவது, பசுவுக்கு எதைக் கரைப்பது என்று கேட்டாள். போன வருஷம் அயல் வீட்டுக்குக் குத்திக் கொடுத்த சீனட்டி அரிசியின் சிவப்பைச் சுரண்டி எடுத்து நோயாளி முகம் போல வெளுக்க வைக்க யார் சொன்னது என்று கேட்டாள். நான் மல்லிகை மொட்டு என்று நினைத்ததைத்தான் சொன்னாள். இதையெல்லாம் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். கடைசியில் சொன்னதுதான் பெரியது.

"உங்கட மில்லுக்கு வயிறு இரிக்குத் தம்பி. எனக்கு முதல் வந்தவட வெள்ளரிசி என்ட சீனட்டிக்குள்ள வந்த. என்ட கடைசி அரிசி உள்ளுக்க நிண்டிட்டு. எனக்குப் பிறகு வந்தவளுக்கு அது போயிருக்கும்."

உண்மைதான். அந்த இயந்திரத்தின் உருளைக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தங்கும். எல்லா மில்லிலும் அப்படித்தான். நான் சொன்னேன், அக்கா, அது ஒரு பிடி அரிசிதானே என்று.

"ஒரு பிடிதான். கூலியாக்கள் தின்னட்டும், எனக்கென்ன. புதிருக்கு எப்பிடிச் சரிவரும்? புது நெல்லில ஆக்கிற முதல் சோறு அம்மாளுக்கு வைக்கிற. எங்கட வயலில விளைஞ்சதை வைக்கிறம் எண்டு சொல்லிப்போட்டு, ஆரோ ஒருத்தியிட அரிசியையும் சேத்து வைக்கிறதா? அந்த ஒரு பிடி ஆர்ர அரிசி?"

தம்பிமாரே, அந்தக் கேள்வி அவளுடைய அம்மனைப் பற்றியது. ஆனால் அது வந்து நின்றது என் தொழுகைப் பாயில். மில்லில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இஞ்சினை நிறுத்தியதும், அந்த வயிற்றைத் திறந்து தங்கியதை எடுத்து, வேலைக்காரர் ஆறு பேரும் பங்கிட்டுக்கொள்வோம். யாரும் களவு என்று நினைக்கவில்லை, சிந்தினது சிதறினது என்றே நினைத்தோம். அந்த அரிசியை என் பிள்ளைகள் உண்டார்கள். நோன்பு முடிவில் ஏழைக்கு அளந்து கொடுக்கும் பித்றாவையும் அந்த அரிசியில்தான் அளந்தேன். அடுத்தவருக்கு உரிமையான ஹக்கை எடுத்து அல்லாஹ்வுக்காகக் கொடுத்திருக்கிறேன்! கிணற்றடியில் நின்றபடி என் கண் கலங்கியது. கண்ணகை பதறிப்போய், தண்ணீர் அள்ளித் தந்தாள்.

கேட்க நினைத்த கடைசிக் கேள்வியைக் கேட்டேன். மில் வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டீர்களா?

"ஆரு சொன்ன வேணாமெண்டு? உலக்கை பிடிச்சுத் தோள் விட்டுப்போச்சு. வாற வியாழக்கிழமை எங்களுக்குப் புதிர். ஐம்பது பேருக்கு அரிசி வேணும். நானும் மருமகளும் குத்தவேணும்."

புதன்கிழமை காலையில் கொண்டு வாருங்கள் என்றேன். பிறருடைய ஒரு மணி உங்கள் அரிசியில் இருந்தால் என் மில்லின் வாசலை மிதிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பாதியைக் கொண்டுவருவாளாம். மற்றப் பாதியைக் குத்தி வைத்துக்கொள்வாளாம். மில் கெடுத்தாலும் புதிர் கெடக்கூடாது என்றாள். எங்கள் முதலாளியைவிடக் கணக்குத் தெரிந்த பெண்.

சனிக்கிழமை காலையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பங்கு அரிசி விஷயத்தையும் மறைக்கவில்லை. உருளைக்கு அடியில் ஒரு கதவு வேண்டும், ஒரே இழுப்பில் திறந்து வயிற்றைக் காலி செய்ய வேண்டும். தவிட்டுக்குப் பெட்டி வேண்டும். இரண்டு மரைக்கால் நெல்லையும் தனியாகக் குத்தித் தர வேண்டும் என்றேன். அவர் இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மிசினைச் செஞ்ச வெள்ளைக்காரனுக்குத் தெரியாத வேல ஒனக்குத் தெரியுமா, ஆதம்பாவா?"

"அவன்ட ஊருல புதிர் இல்ல, முதலாளி."

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்திக்கும் திறந்து மூடினால் ஒரு நாளில் எத்தனை பேருக்குக் குத்துவது என்று கேட்டார். இப்போது எத்தனை பேருக்குக் குத்துகிறோம் என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் தலைப்பாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதன்கிழமை வண்டி வரும், அதற்கிடையில் செய்வதைச் செய் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வேலைக்காரரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வயிறு காலியானால் பங்கும் காலி. எங்களுக்குள் அலியார் என்றொருவர் இருந்தார். நெல் கொட்டுகிற வேலை. வீட்டில் ஏழு வாய். அவருக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. இஞ்சின்காரர் ஹஜ்ஜுக்குப் போகாமலே ஹாஜியாராகப் போகிறார் என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். என் வீட்டில் மீதியிருந்த பங்கு அரிசியைக் கொண்டுவந்து மில் வாசலில் வைத்தேன். யாருடையது என்று தெரியாத அரிசி, ஏழைகளுக்குப் போகட்டும் என்றேன். சிரிப்பு நின்றது. அலியார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மனைவி ஒரு வார்த்தையும் கேட்காமல் அந்தப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அன்று அவள் கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன்.

கொல்லரோடு நாலு நாள் நின்றேன். அந்த வேலையைப் பற்றி எழுதினால் உங்களுக்குச் சலிக்கும். கதவு செய்தோம், பெட்டி செய்தோம், கத்தியைத் தளர்த்தினேன். செவ்வாய்க்கிழமை ஓட்டிப் பார்த்தோம். கதவு திறந்தது, மூடியது. அல்ஹம்துலில்லாஹ் என்று படுத்தேன்.

புதன்கிழமை சுபஹுத் தொழுகை முடிந்து மில்லுக்குப் போனால், மர வியாபாரி எனக்கு முன்னே வந்திருந்தார். நாலு மாட்டு வண்டிகள். ஆட்கள் கயிறு விரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடுகிற இஞ்சினை ஒருமுறை பார்த்துவிட்டுக் கழற்றலாம் என்று முதலாளி அவரைக் கதிரையில் இருத்தியிருந்தார். காலையில் வழக்கம் போலக் கூலியாட்களுக்கான வெள்ளை நெல் கொஞ்சம் வந்தது. அதைக் குத்தி முடிக்கும்போது மறுகரையிலிருந்து மூன்று தோணிகள் வந்து துறையில் தட்டின. முதல் தோணியில் கண்ணகையும் அவள் சாக்குகளும். மற்ற இரண்டிலும் பெண்கள், பாயை விரித்துப் போட்டு அதன்மேல் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தோம் என்றார்கள்.

பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக் கதவை இழுத்தேன். வயிற்றிலிருந்த வெள்ளரிசி கொட்டியது. அதை அந்த வெள்ளை நெல்லுக்காரரின் மூட்டையிலேயே சேர்த்தோம். எல்லாரும் தலையாட்டினார்கள். முதலாளி, சரி கொட்டு என்றார். அலியார் கண்ணகையின் சாக்கைத் தோளில் தூக்கிவிட்டார்.

நான் குனிந்து உள்ளே பார்த்தேன். கத்திக்குப் பின்னால், கதவு எட்டாத மூலையில், கொஞ்சம் வெள்ளரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகம் போனால் இருபது மணி இருக்கும். என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. கண்ணகைக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. கொட்டினால் அவளுடைய முதல் மரைக்காலிலேயே அது கலந்து மறைந்துவிடலாம். மறையாமலும் போகலாம். அந்த மூலைக்குக் கைபோக வேண்டுமானால் இஞ்சினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மறுபடி சூடாக்கிக் கிளப்ப அரை மணி நேரம் செல்லும். வாங்க வந்தவர் கதிரையில் இருக்கிறார். பார்க்க வந்த பெண்கள் துறையில் இருக்கிறார்கள். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று, என்னடா பார்க்கிறாய், கொட்டச் சொல் என்கிறார்.

நான் பெரிய தைரியசாலி இல்லை, தம்பிமாரே. யாரும் பார்க்காத இருபது மணியையும் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதைத் தவிர வேறு யோசனை எனக்கு வரவில்லை. இஞ்சினை நிறுத்தினேன்.

அந்த அமைதியில் மர வியாபாரியின் சிரிப்பு நன்றாகக் கேட்டது. "இதையா ஓடுற இஞ்சின் எண்டு எனக்குத் தரப் பாத்தீங்க?" என்று முதலாளியிடம் கேட்டார். முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. நான் கண்ணகையிடம் போய், உள்ளே இன்னும் பிற அரிசி இருக்கிறது அக்கா, அதை எடுக்காமல் உங்கள் நெல்லைப் போடமாட்டேன், அரை மணி பொறுக்க வேண்டும் என்றேன். சொல்லும்போதே, இவ்வளவுதான், இனி அவள் தோணியைத் திருப்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் சாக்கின் மேல் இருந்துகொண்டாள். "ஆறுதலாச் செய்யுங்க தம்பி. நான் எங்கயும் போகல்ல" என்றாள்.

என் கை அந்த மூலைக்குப் போகவில்லை. மெலிந்த கை வேண்டும். ஒருவரும் அழைக்காமல் அலியார் வந்தார். சாக்கை இறக்கி வைத்துவிட்டு, கோழி இறகு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு, சூடு ஆறாத இரும்புக்குள் கையை விட்டார். சூடு பட்டு முகம் சுளித்தார். ஆனாலும் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு மணியாக இறகால் தள்ளித் தள்ளி உள்ளங்கையில் ஏந்தி, முடிந்ததும் என்னைப் பாராமல், "ஹாஜியாரே, இப்ப கிளப்புங்க" என்றார். துறையிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழும்பி உள்ளே வந்துவிட்டார்கள். அவர் கையிலிருந்த அரிசியை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

இஞ்சின் கிளம்பியது. சீனட்டி இறங்கியது. கண்ணகை முதல் அரிசியைச் சுளகில் ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஏழெட்டுத் தலைகள் அந்தச் சுளகின் மேல் கவிழ்ந்தன. விரலால் கிளறினார்கள், முகர்ந்தார்கள், ஒருத்தி வாயில் போட்டும் பார்த்தாள். சிவப்புக்குள் ஒரு வெள்ளை இல்லை. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நெல் முன்னால் இருக்கும்போது அவள் சொல்வதில் எனக்கு ஒன்றும் விளங்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். துறைக்கு இறங்கிப் போனாள். மற்ற இரண்டு தோணிகளிலும் விரித்திருந்த பாயைப் பிடித்துத் தூக்கினாள். அடியில் அடுக்கடுக்காகச் சாக்குகள்.

"இறக்குங்கடி" என்றாள்.

அன்று இஞ்சின் அந்தி மஃரிப் தொழுகை வரை நிற்கவில்லை. முந்திய இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை. மறுநாள் ஆறு தோணி. அடுத்த வாரம் துறையில் தோணி கட்ட இடமில்லை. தவிட்டுப் பெட்டி நிறைய நிறைய, பெண்கள் அதைத் தங்கள் சாக்கில் கொட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் பங்கு அரிசி போன இடத்தில் முதலாளி எல்லாருக்கும் கூலியைக் கூட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். அவருக்கு அல்லாஹ் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும்.

மில் மாறிக்கொண்டே போனது. துறையடியில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டோம். அதற்குள் ஒரு மணி நெல் கொண்டு போகக்கூடாது என்பது சட்டம். வெற்றிலையும் வெறுந்தேநீரும் உண்டு. குத்தக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள் அங்கே இருந்து வாய் திறந்தால், முல்லைக்காரர் சொன்னது போல இரண்டு கை போதாது. அவித்த நெல்லுக்கும் பச்சை நெல்லுக்கும் வேறு வேறு இயந்திரம் வைத்தது அங்கே ஒருத்தி ஏசியதால். மழைக்காலத்தில் மில்லின் தோணியே மறுகரைக்குப் போய் நெல் ஏற்றி வந்தது இன்னொருத்தி ஏசியதால். முதலாளி சனிக்கிழமை தோறும் அந்தக் கொட்டிலில் போய்க் குந்தியிருந்து ஏச்சு வாங்கிக்கொண்டு வருவார். வந்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்பார். நாங்கள் செய்த புதுமை என்று கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். எங்கள் மூளையில் பிறந்தது என்று அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்ட காது எங்களுடையது. அதற்கு மட்டும் பெருமைப்படுகிறேன்.

நீங்களும் அப்படிக் கேளுங்கள். உங்களிடம் வருகிறவர் நல்லது என்று சொல்லிவிட்டு மறுபடி வராவிட்டால், அவர் சொல்லை விட்டுவிட்டு அவர் கால் போகிற பக்கத்தைப் பாருங்கள். அவர் எங்கே இருந்தால் வாய் திறப்பார் என்று தேடிப் போங்கள். கேட்டதைச் செய்யும்போது ஒரு பிடிதானே என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மர வியாபாரி என்ன ஆனார் என்று சொல்லாமல் முடித்தால் கேட்பீர்கள். அவர் அன்று பகல் முழுவதும் கதிரையில் இருந்தார். கூட்டத்தைப் பார்த்தார், ஓடுகிற இஞ்சினைப் பார்த்தார், இருப்புக் கொள்ளாமல் எழுந்து நடந்தார். பின்னேரம் முதலாளி அவரிடம் போய், இஞ்சின் தருவதற்கில்லை என்றார். வியாபாரி கோபித்துக்கொண்டு, இரண்டு நாள் பாதை, நாலு வண்டியையும் வெறுமையாகவா திருப்பிக்கொண்டு போவது என்று சத்தம் போட்டார். செட்டிபாளையத்திலிருந்து அன்று பகலில் சிலர் வந்திருந்தார்கள். அவர்கள் எங்கள் கரைப்பக்கத்து ஆட்கள், தோணி இல்லை. தலைச்சுமையாக நெல் கொண்டுவந்தவர்கள், அரிசியும் தவிடுமாகத் திரும்பிப் போக வழி தேடி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி முன்னே வந்து, அந்த நாலு வண்டிகளையும் பார்த்து, "சும்மா நிக்கிற வண்டியா அண்ணே? வாடகைக்கு வருமா?" என்று கேட்டாள்.

மர வியாபாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். இஞ்சினைக் கட்ட விரித்த கயிறுகளை எடுத்து, அவருடைய ஆட்களே அரிசி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். அறுவடை முடியும் வரை அந்த நாலு வண்டிகளும் எங்கள் துறையை விட்டுப் போகவில்லை.